பூங்கொத்து கட்டிக்கொண்டிருக்கிறோம்

"ரத்தம் கேட்டா பூ கட்டுறாங்களாம், அண்ணி."

செல்போனில் தம்பி மனைவியின் குரல் நடுங்கியது. அழுகையா, ஆத்திரமா என்று பிரித்தறிய முடியவில்லை.

"என்னம்மா சொல்ற? நிதானமா சொல்லு. அவன் எப்படி இருக்கான்?"

"ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க. ஒரு கடைக்கு முன்பக்கக் கண்ணாடி மாட்டிக்கிட்டு இருந்தாராம். ஆள் உயரக் கண்ணாடி. பிடி நழுவி மேலேயே விழுந்துருச்சு. தொடையில ஆழமா வெட்டு. அவரு ரத்தம் என்ன குரூப்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாத அபூர்வ ரத்த வகை அவனுக்கு மட்டும் வாய்த்திருந்தது. கூடப் பிறந்த அக்கா அவள், அவளுடைய ரத்தம்கூட அவனுக்குச் சேராது.

"இங்க இருந்த ஒரே பையையும் ஏத்திட்டாங்க. இன்னும் வேணுமாம். எந்த ஊர் ரத்த வங்கியில இருக்குன்னு கம்ப்யூட்டர்லதான் தேடணுமாம். தேடினா என்ன வருது தெரியுமா? 'சற்றுப் பொறுங்கள். பூங்கொத்து கட்டிக்கொண்டிருக்கிறோம்.' நானே கண்ணால பாத்தேன் அண்ணி. இங்க உசுரு ஊசலாடுது, அங்க பூங்கொத்தாம். ரத்த வங்கி ஆபீசர் பாவம், ஒவ்வொரு ஊரா போன் போட்டுக்கிட்டு இருக்காரு."

அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் அலுவலகச் சுழல் நாற்காலி உருண்டுபோய்ச் சுவரில் இடித்தது.

அந்த வாசகம் அவளுக்குத் தெரியும். ஒரு மதிய உணவு இடைவேளையில், விளையாட்டாக, அவளே எழுதியது.

பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக எழுதுவதுதான் அவளுடைய உத்தியோகம். 'இப்படிச் செய்யுங்கள்' என்று சொல்லும் வழிகாட்டிக் குறிப்புகள். அப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரிச் செயலி. அதனால் ஐந்தாம் மாடியில் அவள் பெயரே 'வழிகாட்டி' ஆகிவிட்டது. மாதிரிச் செயலி ஒரு பூக்கடை. இல்லாத கடை. அதில் ரோஜா இருப்பு உண்டு, ஆர்டர் உண்டு, பூங்கொத்து உண்டு. பூ மட்டும் கிடையாது.

தம்பிக்கு இதில் தீராத சிரிப்பு. "நான் கண்ணாடி போட்ட கடையில எல்லாம் வியாபாரம் அள்ளுது. உன் கடையில இதுவரைக்கும் ஒரு பூ வித்திருக்கா? எப்படிக்கா போகுது கடை?" வீட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிடுவான்.

குறிப்புகளை யார் படிக்கிறார்கள், மாதிரியை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவளுக்கே தெரியாது. இணையத்தில் போட்டுவிடுவாள். யார் யாரோ எடுத்துப் போவார்கள். கிணற்றில் போட்ட கல் மாதிரி, சத்தமே திரும்பி வராது. ஆனால் ஒன்று மட்டும் அனுபவத்தில் கண்டிருந்தாள். புரோகிராம் எழுதுகிறவன் குறிப்பைப் படிக்க மாட்டான். மாதிரியைத் திறப்பான், வேண்டிய பகுதியை அள்ளுவான், தன் செயலியில் ஒட்டுவான், போய்க்கொண்டே இருப்பான். எனவே, குழந்தைக்கு மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல், எல்லா நல்ல பழக்கத்தையும் மாதிரிக்குள்ளேயே குழைத்து வைத்துவிடுவாள்.

குறிப்பின் முதல் வரியே இதுதான்: 'மாதிரியில் உள்ள வாசகங்களை நீக்கிவிட்டு உங்கள் வாசகங்களை எழுதிக்கொள்ளுங்கள்.'

யாரோ அந்த முதல் வரியைக்கூடப் படிக்கவில்லை.

லிஃப்ட் வருகிற வழியாக இல்லை. படிகளில் இறங்கினாள், இறங்கினாள் என்பதைவிட விழுந்து எழுந்தாள் என்பது பொருத்தம்.

இரண்டாம் மாடியில் கண்காணிப்பு அறை. சுவர் முழுக்கத் திரைகள். வாடிக்கையாளர்களின் செயலிகள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று ஷிப்ட் போட்டுப் பார்க்கிற இடம். அதன் தலைவருக்கு 'கேப்டன்' என்று பெயர். வேலை நேரத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கையில் ஆறிப்போன காபி. கண் நடுத்திரையில்.

"மேடம், இப்ப வேடிக்கை காட்டுற நிலைமையில நாங்க இல்ல."

"ரத்த வங்கிங்களை எல்லாம் சேக்குற இணைப்பு மையம் நம்ம மெஷின்லதானே ஓடுது?"

"ஓடினா சொல்லி அனுப்புறேன். காலையில இருந்து எழுந்திரிக்குது, படுக்குது, எழுந்திரிக்குது, படுக்குது. நீங்க அஞ்சாம் மாடி வழிகாட்டிதானே? இதுக்கு ஏதும் குறிப்பு எழுதி வச்சிருக்கீங்களா?"

அந்தக் குத்தலுக்குப் பதில் சொல்லும் நிலையில் அவள் இல்லை. நடுத்திரையைப் பார்த்தாள்.

கறுப்புத் திரையில், மையத்துக்கு வரும் கூட்டத்தின் அளவைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு, தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. திடீரென்று சுவர்போலச் செங்குத்தாக எழுந்தது. திரையின் உச்சியைத் தொட்டது. அடுத்த கணம் மறுபடி தரை. பக்கத்தில் இணைப்பு மையத்தின் விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. கோடு ஊர்ந்தது. அரை நிமிடம் ஆனது. மறுபடியும் எழுந்தது. அதே உயரம், அதே ஒழுங்கு. ஏதோ பிரம்மாண்டமான ஒன்று மூச்சு விடுவதுபோல.

"பாத்தீங்களா? நாங்க மையத்தைத் தூக்கி நிறுத்துவோம். அரை நிமிஷத்துல மொத்தமா வந்து மோதுவான். விழுந்துரும். திருப்பி நிறுத்துவோம், திருப்பி மோதுவான். இது தாக்குதல் மேடம். கூட்டம் சேத்து அடிக்கிறான். பேர் கூட வச்சிருக்கான் பாருங்க, என்ன கொழுப்பு."

கேப்டன் வேறொரு திரையைக் காட்டினார். மையத்தின் கதவைத் தட்டும் ஒவ்வொரு செயலியும் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தட்ட வேண்டும். பெயர்கள் மேலிருந்து கீழே மழையாக இறங்கிக்கொண்டிருந்தன.

பூக்கடை. பூக்கடை. பூக்கடை. பூக்கடை. பூக்கடை.

அவள் அருகில் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்கெங்க இருந்து வருது?"

"எல்லா இடத்துல இருந்தும். ஆஸ்பத்திரி, ரத்த வங்கி, ஆம்புலன்ஸ் கம்பெனி, மலை மேல இருக்கிற கிளினிக், தீவுல இருக்கிற கிளினிக். எல்லாத்தையும் கைப்பத்திட்டான் போல. மேலிடத்துல பேசிட்டேன். அத்தனை வாசலையும் அடைச்சிருங்கன்னு உத்தரவு. விசாரணை முடிஞ்சு நாளைக்குத்தான் திறப்போம். இதோ, அடைக்கப் போறேன்."

"அடைக்காதீங்க."

"ஏன்?"

"யாரும் கைப்பத்தல சார். அவங்க எல்லாம் நிஜ ஆஸ்பத்திரிங்க. அந்தப் பூக்கடை என்னோடது."

கேப்டனின் கையில் இருந்த காபி முதல் முறையாக மேசைக்குப் போனது.

"மேடம், என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"நான் எழுதின மாதிரிச் செயலி. அதுல 'பெயர்'ங்கிற இடத்துல பூக்கடைன்னு போட்டு வச்சிருந்தேன். மாத்திக்கச் சொல்லி எழுதியும் வச்சிருந்தேன். ஒருத்தரும் மாத்தல. இத்தனை ஆஸ்பத்திரிக்கும் செயலி எழுதின அத்தனை பேரும் என் கடையில இருந்துதான் எடுத்திருக்காங்க."

சொல்லும்போதே அவளுக்கு அதன் அளவு உறைத்தது. திரையில் இறங்கும் ஒவ்வொரு 'பூக்கடை'யும் ஒரு கட்டடம். ஒரு வாசல், ஒரு வரவேற்பு மேசை, பக்கத்தில் யாருக்காகவோ காத்திருக்கும் ஒரு குடும்பம். கிணற்றில் போட்ட கல் என்று நினைத்திருந்தாள். இன்று கிணறு பேசுகிறது.

"சரி, உங்க கடைன்னே வச்சுக்குவோம். அது ஏன் எங்க கதவை உடைக்குது?"

"காலையில மையம் ஒரு தடவை நின்னுச்சா?"

"கேபிள் மாத்தினோம். கண் சிமிட்டுற நேரம்."

"அதுதான். அந்தச் சிமிட்டல்ல எல்லாருக்கும் ஒரே நொடியில தொடர்பு அறுந்துருச்சு. என் மாதிரியில எழுதியிருக்கேன்: தொடர்பு அறுந்தா அரை நிமிஷம் பொறு, மறுபடி தட்டு, விடாம தட்டு. உள்ள போனதும் முதல் வேலையா உன் கையிருப்பு முழுசையும் சொல்லு. ஒரே ஒரு கடைக்காக எழுதினது சார். இப்ப நாடு முழுக்க ஒரே நொடியில தட்டுது. ஒரே நொடியில தன் சரக்கு மொத்தத்தையும் கொட்டுது. கதவு நெரிசல்ல விழுது. விழுந்தா, எல்லாரும் ஒண்ணா அரை நிமிஷம் பொறுக்குறாங்க. ஒண்ணா வர்றாங்க."

பச்சைக் கோடு எழுந்தது. விழுந்தது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது அதை வேறு கண்ணால் பார்த்தார்கள். எதிரி இல்லை. ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான கடமையாளர்கள், சொன்ன சொல் தவறாமல், ஒரே தாளத்தில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப ஒவ்வொரு ஆஸ்பத்திரியா கூப்பிட்டு செயலியை மாத்தச் சொல்லணுமா?" கேப்டன் நெற்றியைத் தேய்த்தார். "அதுக்குள்ள அடுத்த தலைமுறை வந்துரும்."

"என் தம்பி இப்ப ஆபரேஷன் மேசையில இருக்கான் சார். அவனுக்கு வேண்டிய ரத்தம் எங்கேயோ ஒரு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. எந்த ஃப்ரிட்ஜ்னு அந்த மையத்துக்கு மட்டும்தான் தெரியும்."

கேப்டன் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார். "என்ன செய்யணும்?"

"மையத்துக்கு முன்னாடி ஒரு வாயிற்காவலரை நிறுத்தணும். சின்ன செயலி. ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரை மட்டும் உள்ள விடணும். மத்தவங்ககிட்ட, 'இத்தனை நொடி கழிச்சு வா'ன்னு சொல்லணும். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற கணக்கு. ஒருத்தருக்கு நாப்பது, ஒருத்தருக்கு நூறு, வாய்க்கு வந்தபடி."

"சொன்னா கேப்பாங்களா?"

அங்கேதான் முடிச்சு.

"என் மாதிரியில ஒரு வரி இருக்கு. 'கதவு ஒரு நேரம் சொன்னால், உன் கடிகாரத்தை விட்டுவிட்டு, கதவு சொன்ன நேரத்துக்கு வா.' அதை எடுத்துரச் சொல்லி எங்க பிரிவுத் தலைவர் சண்டை போட்டாரு. எந்தக் கதவும் நேரம் சொல்றதில்ல, எதுக்கு வெட்டியா ஒரு வரின்னு. நான் எடுக்கல. தட்டுற வரிக்குப் பக்கத்துலயே ஒட்டி வச்சேன். தட்டுறதை அள்ளுறவன் இதையும் சேத்து அள்ளட்டும்னு."

"அள்ளியிருப்பானா?"

"சோம்பேறியா இருந்தா அள்ளியிருப்பான்."

"புரோகிராமர் சோம்பேறித்தனத்துல என் வேலையும் உங்க தம்பி உசுரும் தொங்குது." கேப்டன் சட்டைக் கையை மடித்துவிட்டார். "எனக்கென்னமோ நம்பிக்கை வருது. எழுதுங்க."

அவள் விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. காவலரை ஆரம்பத்திலிருந்து எழுத நேரமில்லை. தன் மாதிரிச் செயலியையே திறந்தாள். கடை வாசல் பகுதியை அள்ளினாள். ஒட்டினாள். வேண்டாததை வெட்டினாள். தன் வாழ்நாளில் முதல் முறையாக, முன்பின் தெரியாத அந்த ஆயிரம் பேரின் இடத்தில் உட்கார்ந்து, அவர்கள் செய்ததையே செய்தாள். இப்படித்தான் இருந்திருக்கிறது அவர்களுக்கும். பின்னால் ஒருவர் நிற்க, நேரம் கழுத்தைப் பிடிக்க, யாரோ யோசித்து வைத்ததை நம்பி அள்ளியிருக்கிறார்கள்.

செல்போன் அதிர்ந்தது. தம்பி மனைவி. "அண்ணி, டாக்டர் வெளியில வந்து கேட்டுட்டுப் போனாரு. ரத்தம் இன்னும் வரலையான்னு. முகமே சரியில்ல அண்ணி."

"அந்த ஆபீசர் பக்கத்துலயே நில்லும்மா. திரையை விட்டுக் கண்ணை எடுக்காத. பூ மறைஞ்சதும் தேடச் சொல்லு."

"என்ன பூ மறையும்? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் சொல்றேன்."

காவலர் தயார். கேப்டனே விசையைத் தட்டினார். மையத்துக்கு முன்னால் போய் நின்றது அந்தச் சின்னச் செயலி.

பச்சைக் கோடு எழுந்தது. அதே சுவர். அதே உச்சி. ஆனால் இந்த முறை மோதியது காவலரின் மேல். காவலர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பினார். கோடு தரைக்கு வந்தது.

இனி அடுத்த அரை நிமிடம்தான் பதில். வரியை அள்ளாமல் விட்டிருந்தால் சுவர் மறுபடி அதே நொடியில் எழும். எத்தனை காவலர் நின்றாலும் பயனில்லை.

எங்கோ ஒரு மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. அவள் திரையைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த காபிக் கோப்பையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விளிம்பில் பழுப்பு வளையம் ஒன்று காய்ந்திருந்தது.

"மேடம்," என்றார் கேப்டன். குரல் அவருடையதாக இல்லை. "பாருங்க."

நேரம் வந்துவிட்டது. சுவர் எழவில்லை.

இங்கே ஒரு துளி. அங்கே ஒரு துளி. பிறகு நாலைந்து. கோடு மெல்ல உயர்ந்து, முழங்கால் உயரத்துக்கு வந்து, நின்றது. ஏரித் தண்ணீர்போல் சமமாக நின்றது. காலையிலிருந்து திரை கண்டிராத ஒரு தட்டையான, அமைதியான பச்சை. இணைப்பு மையத்தின் விளக்கு பச்சைக்கு வந்தது. பச்சையிலேயே இருந்தது.

மலை மேல் இருந்த கிளினிக் கேட்டது. தீவில் இருந்த கிளினிக் கேட்டது. பெருநகர ஆஸ்பத்திரி, ஒற்றை அறை ரத்த வங்கி, சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ், எல்லாம் கேட்டன. ஒருவருக்கு நாற்பது நொடி என்றால் நாற்பது. நூறு என்றால் நூறு. முண்டாமல், முந்தாமல், சொன்ன நேரத்துக்கு வந்து கதவைத் தட்டி, கையிருப்பைச் சொல்லிவிட்டு ஒதுங்கின. பல வருடங்களுக்கு முன் அவள் பிடிவாதமாக விட்டுவைத்த ஒரு வரி, இத்தனை வாசல்களில், ஒருநாளும் பயன்படாமல், ஆனாலும் அழியாமல், இந்த ஒரு மதியத்துக்காகக் காத்திருந்திருக்கிறது.

கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது.

"முகம் தெரியாத ஆளுங்க," என்றார் கேப்டன் மெதுவாக. "இத்தனை பேரும் உங்க பேச்சைக் கேக்குறாங்க."

"என் வீட்ல ஒருத்தர்கூடக் கேட்டதில்ல சார்."

தட்டையான கோட்டின் நடுவே மெல்லிய முள் ஒன்று இன்னும் அரை நிமிடத்துக்கொரு முறை குத்திக்கொண்டிருந்தது. கேப்டன் அதைச் சுட்டினார். "இது யாரு?"

"அவங்க மட்டும் சொந்தமா யோசிச்சு அந்த வரியை எடுத்துட்டாங்க போல."

அறை சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் செல்போன் அதிர்ந்தது.

"பூ போயிருச்சு அண்ணி." தம்பி மனைவி மூச்சு வாங்கினாள். "பேர் வந்துருச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழந்தைங்க ஆஸ்பத்திரியில மூணு பை இருக்காம். இவ்வளவு பக்கத்துலயே இருந்திருக்கு. வண்டி கிளம்பிருச்சு."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆபரேஷன் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் தம்பி மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பியின் வேலைக் கையுறை, ஒன்று மட்டும். ரத்தம் வந்துவிட்டது, உள்ளே போய்விட்டது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்றாள். வழிகாட்டி அவள் தோளை அணைத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தாள்.

நர்ஸ் ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நடுவயது, வேக நடை.

"சிஸ்டர், எப்படி இருக்காரு?" இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"இன்னும் பூ கட்டிக்கிட்டு இருக்காங்கம்மா. உக்காருங்க."

வழிகாட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன சொன்னீங்க?"

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நினைக்காதீங்க, பழக்கத்துல வந்துருச்சு. இங்க கம்ப்யூட்டர்ல எதையாவது தேடினா அப்படித்தான் வரும், கொஞ்சம் பொறு, பூ கட்டிக்கிட்டு இருக்கோம்னு. நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து வருது. அதனால எங்களுக்குள்ள அது ஒரு பேச்சாவே ஆயிருச்சு. ஸ்கேன் முடிஞ்சுதான்னு கேட்டா பூ கட்டுறாங்கம்பாங்க. பெரிய டாக்டரே அப்படித்தான் சொல்வாரு. எனக்குப் பிடிக்கும் அது. 'காத்திருக்கவும்'னு போட்டா கோபம் வரும். இது, உள்ள யாரோ நமக்காக ஏதோ அழகா பண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு தோணும். எந்தப் புண்ணியவான் எழுதினானோ."

சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

வழிகாட்டி அப்படியே நின்றாள். எதிரே வரவேற்பு மேசைத் திரை. மருந்தகத் திரை. எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு திரை. எதற்குப் பின்னால் தன் கடை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கலாம்.

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள். மாதிரிச் செயலியைத் திறந்தாள். 'அரை நிமிடம் பொறு' என்ற வரியை அழித்துவிட்டு, 'ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம் பொறு' என்று எழுதினாள். பெயர் எழுதும் இடத்தைக் காலியாக்கி, அது காலியாக இருந்தால் செயலி ஓடவே ஓடாது என்று ஒரு பூட்டும் போட்டாள். இனி எவனும் பூக்கடை என்று போய் நிற்க முடியாது.

அடுத்த வரி பூங்கொத்து. மாதிரி வாசகங்களை நீக்கிவிட வேண்டும். அவளே வகுத்த முதல் விதி. விரல் அழிக்கும் விசை மேல் போய் நின்றது. நர்ஸ் போன கதவைப் பார்த்தாள்.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?" என்றாள் தம்பி மனைவி.

"கடையில சின்ன வேலைம்மா."

கதவு திறந்தது. அதே நர்ஸ். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தாள், சிரிப்பு தெரிந்தது.

"கட்டியாச்சு. ஒவ்வொருத்தரா போய்ப் பாருங்க. ரொம்பப் பேச வைக்காதீங்க."

தம்பி மனைவி முதலில் ஓடினாள். வெகுநேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "உங்களைத்தான் கேக்குறாரு," என்றாள்.

சுண்ணாம்பு வெளுப்பில் கிடந்தான் தம்பி. கையில் ஒரு குழாய், அதன் மேல் முனையில் சிவப்புப் பை, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைப் பாதி திறந்தான். உதடு வறண்டிருந்தது. ஆனாலும் அந்தப் பழைய கிண்டல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்படிக்கா போகுது கடை?"

அவள் அவன் நெற்றியில் கை வைத்தாள். சூடு இருந்தது.

"கூட்டம் தாங்கலடா," என்றாள்.